ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில்

சொல்லவே கூச்சமாக இருக்கிறது. உம்முடைய கோல்ஃப் கையுறையோடு இன்று வங்கிக்குப் போய்விட்டு வந்தேன். மதினி நேற்று உம் மட்டைப் பையை என் வீட்டில் வைத்துவிட்டுப் போனார்கள். காலையில் திறந்ததும் ரப்பர் பிடியின் வாடையோடு உம் வியர்வை வாடையும் வந்தது. சும்மா கையை நுழைத்துப் பார்த்தேன். என் பருத்த விரல்கள் உள்ளே போயின, வெளியே வரவில்லை. கவுண்டர் பெண், "கையில என்ன சார், தீக்காயமா?" என்றாள். ஆமாம் என்றேன். வரிசையில் முன்னால் விட்டார்கள்.

மஸ்கட்டிலிருந்து எல்லாரும் கம்பளியும் தைலமும் கொண்டுவந்தார்கள். நீர் மட்டைப் பை கொண்டுவந்தீர். முக்கூடலில் புல்தரைக்கு எங்கே போவது? பிசான நெல் அறுப்பு முடிந்து மறுபடி தண்ணீர் பாயும்வரை உம் வயல்தான் நம் மைதானம். வாய்க்காலுக்கு அக்கரையில், சுடலையின் வாழைத்தோட்டத்துக்கு முன்னால், மூங்கில் கம்பில் கட்டிய சிவப்புத் துண்டுதான் குறி. நாம் புதையல் தேடுவதாக ஊருக்குள் ஒரு பேச்சு. அதைக் கிளப்பிவிட்டதே நான்தான்.

எட்டாம் நம்பர் மட்டையால் அடித்தால் பந்து வாய்க்காலுக்குள். ஏழாம் நம்பரால் அடித்தால் வாழைக்குள். நான் எட்டாம் நம்பரை எடுத்து, முழு பலத்தோடு ஓங்குவேன்.

"என்னவே, பாம்பா அடிக்கீரு? ஏழாம் நம்பர எடும். பிடியில ரெண்டு விரக்கடை கீழ இறக்கிப் பிடியும். முக்கா வீச்சுதான். பைய."

"பைய அடிச்சா பந்து மதிக்காதுவே."

அடுத்த பந்தும் வாய்க்காலுக்குள் போகும்.

நெஞ்சு பலவீனமான பிறகு வரப்பில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு என்னைத் திட்டுவதே உம் ஆட்டமாயிற்று. ஆபரேஷனுக்காக மதுரைக்குப் புறப்படுவதற்கு முந்தின நாள் சாயங்காலம் நீர் திட்டவே இல்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. "ஒரு தரம் அந்தத் துண்டுகிட்ட விழட்டும்வே. பாத்துட்டுப் போயிருதேன்" என்றீர்.

ஏழாம் நம்பரை எடுத்தேன். பிடியை இறக்கினேன். பைய வீசினேன். பந்து அலட்டிக்கொள்ளாமல் எழும்பி வாய்க்காலைத் தாண்டியது. மங்கிய வெளிச்சத்தில் அதற்கப்புறம் நம் இருவர் கண்ணுக்கும் தெரியவில்லை. அக்கரையிலிருந்து சுடலை கத்தினார்: "அண்ணாச்சி! துண்டுக்கு அடியிலேயே விழுந்துட்டு!"

நீர் கண்ணைத் துடைத்துக்கொண்டீர். "இப்பமாவது சொன்னதைக் கேட்டீரே."

சுற்றிப் போய்ப் பார்க்க உமக்குத் தெம்பில்லை. உம்மை விட்டுப் போக எனக்கு மனமில்லை. மதுரையிலிருந்து நீர் திரும்பவும் இல்லை.

இப்போதெல்லாம் எதையும் ஓங்கி அடிக்க எனக்கு முடிவதில்லை. மகனோடு சண்டை, மேலதிகாரியோடு வாக்குவாதம், சர்க்கரை டாக்டரிடம் சொல்கிற பொய், எல்லாமே பிடியை இறக்கி, முக்கால் வீச்சில்தான். வயசாகிவிட்டது என்கிறாள் என் மனைவி. நீர் சொல்லிக் கொடுத்தது என்று நான் சாதிக்கிறேன். அந்த ஒரு அடிதானே எனக்குச் சாட்சி.

மத்தியானம் வண்ணார்பேட்டையில் சுடலையைப் பார்த்தேன். அந்தப் பந்தைத் தோட்டத்தில் எடுத்து வைத்திருக்கிறாரா என்று கேட்டேன்.

"எந்தப் பந்து அண்ணாச்சி? நான் எங்க பாத்தேன்? அன்னைக்குச் சும்மா கத்தினேன். நீங்க ரெண்டு பேரும் கெளம்பினாத்தானே நான் பயமில்லாம வாழைக்குள்ள போவ முடியும்!"