வற்றாத வீக்கம்

அன்புள்ள மச்சானுக்கு,

புதுப் பாலம் திறந்த வருடம் அது. உன் தங்கையை நான் கட்டி மூன்று மாதம். குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளம் மழையில் சரிந்து எங்கள் நான்கு பேரையும் மூடியது. நான் மட்டும் ஏறி வந்தேன். உனக்கு இவ்வளவுதான் தெரியும்.

முழங்கால் மூட்டு மாற்றி ஐந்து மாதமாகிறது, வீக்கம் வற்றவில்லை. டாக்டர், "வருஷம்கூட ஆகும் பெரியவரே, ஐஸ் வையுங்க" என்கிறார். வைக்கிறேன். நேற்று பயிற்சி கொடுக்கிற பெண் டேப் சுற்றி அளந்தாள்.

"ஆடாதீங்க தாத்தா, அளவு மாறிக்கிட்டே இருக்கு."

"ஆடுற காலா இருந்தா உங்கிட்ட ஏம்மா வர்றேன்?"

சிரித்தாள். பிறகு டேப்பைப் பார்த்தாள், சிரிப்பு நின்றுவிட்டது. வீக்கம் மெல்ல ஏறி இறங்கியது, தூங்குகிறவன் முதுகைப் போல.

எனக்கு அந்த முதுகைத் தெரியும். பழைய முட்டியை எடுத்துவிட்டால் அதுவும் போய்விடும் என்றுதான் ஆபரேஷனுக்கே ஒப்புக்கொண்டேன்.

எனக்குத்தான் எழுதத் தெரியாதே; இதை உன் தங்கையிடம் சொல்லி எழுதவைக்க முடியுமா? எழுதித்தர பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவரைப் பிடித்தேன். அவருக்கு நம்மில் யாரையும் தெரியாது.

அன்று ஒரு முதுகில் முட்டியை ஊன்றித்தான் மேலே ஏறினேன். மேஸ்திரி ஓடிவந்து, "உள்ள யாருக்காவது மூச்சு இருக்காடா?" என்றார். மறுபடி இறங்கச் சொல்வாரோ என்று பயந்து, இல்லை என்றேன். மண் இன்னும் சரியும் என்று தோண்டாமல் நிறுத்திவிட்டார்கள்.

இருந்தது மச்சான். மற்ற இருவரும் அசையவில்லை. என் முட்டிக்கடியில் மட்டும் மூச்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. கடைசியாக உயிரோடு இருந்தது உன் அண்ணன்.

உன் தங்கை வீட்டுக்காரன்