அரை மாத்திரை

மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

நலம்தானே? போனில் சொன்னால் "அக்கா ஆரம்பிச்சிட்டா" என்று மழுப்புவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

நீ சாப்பிடும் இதய மாத்திரையைத்தான் எங்கள் ஆய்வுக்கூடத்தில் கேயாஸ் கோட்பாட்டை, அதாவது சின்ன மாற்றம் பெரிய குழப்பமாக வெடிக்கும் கணக்கை, வைத்துப் பார்க்கிறோம். மருந்து எவ்வளவோ, விளைவும் அவ்வளவு என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். அப்படி இல்லை. சிலருக்குச் சீராக ஓடும் துடிப்பு, அளவு கடுகளவு மாறியதும் ஒன்று நீளம், ஒன்று குட்டை என்றாகிறது. அதற்கப்புறம் தாறுமாறு. போன மாதம் நீ அனுப்பிய ஈசிஜியையும் அந்தக் கணக்கில் போட்டுப் பார்த்தேன். நீளம், குட்டை, நீளம், குட்டை. உடனே டாக்டரைப் பார்.

அன்புடன்,
அக்கா

மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

பயமுறுத்துவதில் உன்னை மிஞ்ச ஆளில்லை. டாக்டரிடம் போனால் பஸ் ஓட்ட விடமாட்டார். ஸ்டீயரிங்கை விட்டால் எனக்கு வேறென்ன தெரியும்? அதனால் நானே மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போடுகிறேன். இரண்டு நாளாக ஜம்மென்று இருக்கிறேன். படியேறும்போது மட்டும் நெஞ்சுக்குள் படபடவென்று ஏதோ அடித்துக்கொள்கிறது. வீட்டில் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே.

உன் தம்பி

மார்ச் 12

தம்பி,

பாதியாக்கு என்றா சொன்னேன்? கூட்டினாலும் குறைத்தாலும் துடிப்பு எந்தப் பக்கம் சரியும் என்று கணக்குப் போடுகிற எனக்கே தெரியாதடா! பதினோரு முறை கூப்பிட்டேன், நீ எடுக்கவில்லை. உன் முதுகுக்குப் பின்னால் நாற்பது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். டிப்போ மேலாளரைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். "நாளைக்கு வண்டி எடுக்க விடமாட்டேம்மா, ஆஸ்பத்திரிக்கு அனுப்பறேன்" என்றார். என்னைத் திட்டு. ஆனால் போ.

அக்கா

மார்ச் 20

அக்கா,

மறுநாள் காலை டிப்போவில் எல்லார் முன்னாலும் பஸ் சாவியை வாங்கிக்கொண்டார்கள். இனி உன் முகத்தில் விழிப்பதில்லை என்று முடிவெடுத்தேன். ஆஸ்பத்திரிக்குப் போகாமல் டிப்போ பெஞ்சிலேயே வீம்பாக உட்கார்ந்திருந்தேன். எட்டே முக்காலுக்குக் கண் இருட்டியது. அவ்வளவுதான் தெரியும்.

மூன்று நாள் கழித்து நெஞ்சில் ஒயர்களோடு விழித்தேன். "ரெண்டு தடவை ஷாக் குடுத்தோம், தெரியுமா?" என்றாள் நர்ஸ்.

தினமும் எட்டே முக்காலுக்கு என் வண்டி பாலத்தின் மேல் இருக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் நின்றுகொண்டே வரும் நேரம்.

உன்மேல் கோபம் இன்னும் போகவில்லை. ஆனால் கண்ணை மூடவே பயமாக இருக்கிறது அக்கா. வா.