எல்லோருக்கும் ஒரே அளவு

16 செப்டம்பர் 2024, திங்கள்

காலை வேலை முடிந்து வந்து தேத்தண்ணியோடு உட்கார்ந்திருக்கிறேன். கம்பி ஆலையின் இரைச்சல் இன்னும் காதை விட்டுப் போகவில்லை. மேல் அறையில் ஆதிரை வயலின் பழகுகிறாள். மூன்றாம் வகுப்பில் இருந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் வயலின் கொடுத்துப் படிப்பிக்கிற பள்ளிக்கூடம் அவளுடையது. நான் பன்னிரண்டு வயதில் ஜெர்மனிக்கு வந்தபோது எனக்கு எழுத்துக்கூட்டிச் சொல்லித்தரவே ஆள் இல்லை. என் மகள் வயலின் வாசிக்கிறாள். கீச்சுக் கீச்சென்றுதான் கேட்கிறது. எனக்கு அதுவே போதும்.

என் மனைவி துஷானி இன்றும் பிந்தித்தான் வந்தாள். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஆரம்பப் பள்ளியில் அவள் சமூகப் பணியாளர். வராத பிள்ளையை வீட்டில் போய்ப் பார்ப்பது, தாய்மாருக்கு அலுவலகக் கடிதங்களை விளங்கப்படுத்துவது, அழுகிற பிள்ளையோடு இருப்பது எல்லாம் அவள்தான்.

சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்: "ரஜி, ஆதிரையின்ரை பள்ளிக்கும் என்ரை பள்ளிக்கும் நகரசபை ஒரே அளவு உதவிக் காசுதான் குடுக்குது. தலைக்கு இவ்வளவு எண்டு."

"அது நியாயம்தானே?"

என்னை ஒருமுறை பார்த்தாள். பதில் சொல்லாமல் குளிக்கப் போய்விட்டாள்.

நியாயம் இல்லையா? எல்லோருக்கும் ஒரே அளவு என்றால் வேறு என்ன வேண்டும்?

10 அக்டோபர் 2024, வியாழன்

எங்கள் பழைய சோபாவைத் துஷானியின் பள்ளி அறையில் போட வேண்டுமாம். வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். அந்தப் பள்ளிக்குள் நான் போனது இதுதான் முதல் தடவை.

ஆதிரையின் பள்ளியில் பெற்றோர் கேக் விற்றுச் சேர்த்த காசில் நூலகம் இருக்கிறது. மெத்தை போட்ட வாசிப்பு மூலை இருக்கிறது. இங்கே நூலகம் என்று எழுதிய கதவைத் திறந்தால் உள்ளே உடைந்த கதிரைகள். கேக் செய்து விற்க இங்குள்ள தாய்மாருக்கு எங்கே நேரம்? பாதிப் பேர் சலவை ஆலையிலும் துப்புரவு வேலையிலும் நிற்கிறார்கள்.

சோபாவை இறக்கி வைத்துவிட்டுத் தேடினால் துஷானி படிக்கட்டில் இருந்தாள். பக்கத்தில் ஒரு பெண்பிள்ளை. எலேனா என்று பெயர், பல்கேரியாவில் இருந்து வந்த குடும்பம். ஆதிரையின் வயதுதான். வகுப்புக்குப் போக மாட்டேன் என்று இருக்கிறாள். துஷானி அவளை ஒன்றும் கேட்கவில்லை. தானும் சும்மா இருந்தாள். நான் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் அந்தப் பிள்ளை தானாகவே எழும்பி வகுப்புக்குள் போனது.

வான் வண்டியில் திரும்பும்போது கேட்டேன், "என்ன நடந்தது அந்தப் பிள்ளைக்கு?"

"அவளுக்கு வாசிக்கத் தெரியாது. மற்றப் பிள்ளையள் வாசிக்கேக்கை கேட்டுப் பாடமாக்கி வைச்சிருக்கிறாள். நேற்று நான் ரெண்டு பக்கத்தை ஒண்டாப் பிரட்டிப் போட்டன். அவள் விட்ட பக்கத்திலை இருந்ததைச் சொல்லிக்கொண்டு போறாள்."

"ரீச்சருக்குத் தெரியாதோ?"

"ரீச்சர் ஒராள். வகுப்பிலை பாதிக்கு மேலை இப்பிடித்தான். பக்கத்திலை இருந்து வாசிக்கப் பழக்க இன்னொரு ஆள் வேணும் ரஜி. அதுக்குத்தான் காசில்லை."

செப்டம்பரில் நான் கேட்ட கேள்விக்கு அவள் ஏன் பதில் சொல்லவில்லை என்று இன்றைக்குத்தான் விளங்கியது. சொல்லி விளங்குகிற விஷயம் இல்லை அது.

7 நவம்பர் 2024, வியாழன்

நகரசபையில் புதுத் திட்டம் வரப்போகிறது. உதவிக் காசைத் தலைக்கணக்கில் பிரிக்காமல், தேவை கூடிய பள்ளிகளுக்குக் கூடக் கொடுப்பதாம். கல்விக் குழுக் கூட்டத்தில் வந்து பேசச் சொல்லித் துஷானியைக் கூப்பிட்டிருக்கிறார்கள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. ஹம் நகரில் இருக்கிற தங்கைக்கு உடனே போன் பண்ணிச் சொன்னேன்.

சாப்பிடும்போதுதான் மிச்சத்தைச் சொன்னாள். மொத்தக் காசு கூடவில்லை. ஒரு பக்கம் கூட்டினால் மறு பக்கம் குறையும். குறைகிற பக்கத்தில் ஆதிரையின் பள்ளி. அங்கே அந்தக் காசில்தான் வயலின் வகுப்பு நடக்கிறது.

"தெரிஞ்சுகொண்டே அதுக்காகக் கதைக்கப் போறீரோ?"

"ஓம்."

"சொந்தப் பிள்ளையின்ரை வாயிலை இருக்கிறதைப் பறிச்சு..."

"ரஜி, ஆதிரைக்கு நானும் நீங்களும் இருக்கிறம்."

"எனக்கு ஆர் இருந்தது? எனக்கு ஒருத்தரும் இருக்கேல்லை! அதாலைதான் என்ரை பிள்ளைக்கு எல்லாம் கிடைக்கோணும் எண்டு நினைக்கிறன். அது பிழையோ?"

கத்திவிட்டேன். ஆதிரை மேலே வயலின் வாசிப்பதை நிறுத்திவிட்டாள்.

துஷானி கோப்பையைக் கழுவிக்கொண்டே மெதுவாகச் சொன்னாள், "ஒருத்தரும் இல்லாமல் இருந்த பிள்ளையளுக்காகத்தான் நான் போறன்."

8 நவம்பர் 2024, வெள்ளி

 துஷானி சோறு போட்டு மூடி வைத்திருந்தாள். சாப்பிட்டேன்.

15 நவம்பர் 2024, வெள்ளி

பள்ளி வாசலில் சுதீர் மறித்தார். கோயம்புத்தூர்க்காரர், டோர்ட்முண்டில் என்ஜினியர். மகன் ஆதிரையின் வகுப்பு. நல்ல மனிதர், சத்தம் போட்டுப் பேசத் தெரியாது.

"ரஜிதன், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க வொய்ஃப் பேசப்போறாங்கன்னு கேள்விப்பட்டேன். அந்த ஸ்கூலுக்கு ஹெல்ப் பண்ணட்டும், வேண்டாம்னு யாரும் சொல்லல. ஆனா நம்ம பசங்க கிளாஸை ஏன் கட் பண்ணணும்? நீங்க கொஞ்சம் சொல்லிப் பாருங்களேன்."

நான் தலையை ஆட்டினேன். ஓம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. போன கிழமை கேட்டிருந்தால் நானும் இதையேதான் சொல்லியிருப்பேன். இப்போது அந்தப் படிக்கட்டு கண்ணுக்கு முன்னால் வருகிறது. இருந்தும் வாய் வரவில்லை. வெட்கமாக இருக்கிறது.

24 நவம்பர் 2024, ஞாயிறு

இன்று துஷானி ஆதிரையிடம் சொன்னாள். நான் சொல்ல வேண்டாம் என்று எவ்வளவோ தடுத்தேன். "அவள் வேறை ஆரிட்டையும் கேட்டு அறியக்கூடாது" என்றாள்.

பிள்ளையைப் பக்கத்தில் இருத்தி ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். ஆதிரை கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"அந்தப் பிள்ளையளுக்கு வயலின் குடுப்பினமோ?"

"இல்லை. வாசிக்கப் பழக்க ஒரு ரீச்சர்."

"அவைக்கு வாசிக்கவே தெரியாதோ?"

"கனபேருக்குத் தெரியாது."

"அப்ப ரெண்டுக்கும் காசு குடுக்கச் சொல்லுங்கோவன் அம்மா."

"கேட்டுப் பாத்தனான். இன்னும் கேப்பன். ஆனா இப்ப இல்லையாம்."

ஆதிரை அழுதாள். நன்றாக அழுதாள். துஷானி அவளைச் சமாதானப்படுத்த ஒரு பொய்யும் சொல்லவில்லை. "நீ கோவிக்கலாம்" என்று மட்டும் சொன்னாள். எனக்கு அந்த மனம் வராது. வேறு பள்ளி, வேறு வயலின், கிறிஸ்மஸுக்கு ஏதாவது என்று நூறு கதை சொல்லியிருப்பேன்.

4 டிசம்பர் 2024, புதன்

வேலையை மாற்றிக்கொண்டு கூட்டத்துக்குப் போனேன். பொதுமக்கள் இருக்கிற பின் வரிசையில் சுதீரும் இருந்தார். இருவரும் தலையசைத்துக்கொண்டோம்.

முதலில் திருமதி பிரிங்க்மான் பேசினார். ஆதிரையின் பள்ளிப் பெற்றோர் சங்கத் தலைவி. நன்றாகவே பேசினார். "எங்கள் பள்ளியிலும் எல்லாரும் வசதியானவர்கள் இல்லை. தனியாகப் பிள்ளை வளர்க்கிற தாய்மார் எங்களிடமும் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு இந்த வகுப்பை விட்டால் வயலினைத் தொடவே வழியில்லை" என்றார். உண்மைதானே. இதற்குத் துஷானி என்ன சொல்லப் போகிறாள்?

துஷானி எழும்பினாள். நீலச் சட்டை போட்டிருந்தாள். கையில் தாள் ஒன்றும் இல்லை.

"திருமதி பிரிங்க்மான் சொன்ன வகுப்பில்தான் என் மகளும் படிக்கிறாள். இந்தத் திட்டம் நிறைவேறினால் அவளுக்கு வயலின் இல்லை. அவளிடம் சொல்லிவிட்டுத்தான் வந்திருக்கிறேன். அவள் அழுதாள். அதனால் இதில் ஒருவருக்கும் இழப்பு இல்லை என்று நான் சொல்லமாட்டேன்."

தாள் புரட்டிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

பிறகு பெயர் சொல்லாமல் எலேனாவைப் பற்றிச் சொன்னாள். இரண்டு பக்கத்தை ஒன்றாகப் புரட்டியதைச் சொன்னாள். "இந்தப் பிள்ளை மந்தமான பிள்ளை இல்லை. ஒரு புத்தகத்தை முழுதாகக் காதால் கேட்டே மனதில் வைத்திருக்கிற பிள்ளை. அவ்வளவு மூளையையும் தனக்கு வாசிக்கத் தெரியாது என்பதை மறைக்கச் செலவழிக்கிறாள். இரண்டு வருடத்தில் அவளை அடுத்த பள்ளிக்கு அனுப்புவோம். அங்கே அவளைச் சோம்பேறி என்பார்கள். நாங்கள் எல்லாப் பள்ளிக்கும் ஒரே அளவு கொடுத்தோம் என்று நிம்மதியாக இருப்போம்."

ஒரு அங்கத்தவர் கேட்டார்: "கூடக் காசு கொடுத்தால் எல்லாப் பிள்ளைகளும் வாசிப்பார்கள் என்று உத்தரவாதம் தருவீர்களா?"

"தரமாட்டேன்" என்றாள். "கொடுக்காவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு மட்டும் உத்தரவாதம் தருவேன். அதை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன்."

பதினாறு வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். இவள் இப்படிப் பேசுவாள் என்று எனக்குத் தெரியாது. தெரியாதா, நான் கேட்கவில்லையா?

முடிவை மார்ச்சுக்குத் தள்ளிவிட்டார்கள். வெளியே குளிர். பஸ்ஸுக்கு நிற்கும்போது அவளுடைய கையைப் பிடித்தேன்.

"பயந்திட்டீரோ?"

"செத்திட்டன்" என்றாள். இருவரும் சிரித்தோம். ஒரு மாதத்துக்குப் பிறகு.

14 ஜனவரி 2025, செவ்வாய்

பொங்கல். சாமான் வாங்கக் கடைக்குப் போனேன். கடைக்காரர் விஜயரத்தினம் அண்ணை கரும்பைச் சுற்றிக்கொண்டே, "தம்பி, மனிசியைக் கொஞ்சம் அடக்கி வையும். ஊரார் பிள்ளைக்காகச் சொந்தப் பிள்ளையின்ரையைக் குடுக்கிறதோ?" என்றார். கடையில் நாலைந்து பேர் நின்றார்கள்.

"அண்ணை, நாங்கள் வந்தநேரம் நாங்களும் ஊரார் பிள்ளையள்தானே. அவ சொல்லுறது சரி. நானும் அவவோடைதான்."

இந்த முறை வாய் வந்துவிட்டது. அண்ணை கரும்பைக் கட்டித் தந்தார். காசு குறைக்கவில்லை.

12 மார்ச் 2025, புதன்

திட்டம் நிறைவேறியது. ஒரு சிலரின் வாக்குத்தான் வித்தியாசம்.

பின்னேரம் திருமதி பிரிங்க்மான் போன் எடுத்தார். ஒலிபெருக்கியில் போட்டாள் துஷானி. "நான் இன்னும் இதற்கு எதிர்தான்" என்று தொடங்கினார். பிறகு, "ஆனால் உங்கள் பள்ளியை நான் பார்த்ததில்லை. ஒரு நாள் வரலாமா?" என்றார்.

துஷானி போனை வைத்துவிட்டு அழுதாள். வென்றதற்கு அழவில்லை, இதற்கு அழுதாள்.

ஆதிரை இன்று அம்மாவுடன் சரியாகக் கதைக்கவில்லை.

11 ஜூலை 2025, வெள்ளி

வருடக் கடைசி நாள். வயலினைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஆதிரை துணியால் துடைத்துப் பெட்டியில் வைத்தாள். கொடுத்துவிட்டு வரும்போது துஷானியின் கையைப் பிடிக்கவில்லை, என்னுடையதையும் பிடிக்கவில்லை. கைகளைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். சரி என்று தெரிந்த காரியத்துக்கும் இப்படி ஒரு விலை இருக்கிறது. துஷானி அதைப் பார்த்துக்கொண்டே நடந்தாள், முகத்தைத் திருப்பவில்லை.

11 நவம்பர் 2025, செவ்வாய்

துஷானியின் பள்ளியில் புனித மார்ட்டின் திருநாள் விளக்கு ஊர்வலம். ஆதிரையையும் கூட்டிக்கொண்டு போனேன். ஓகஸ்டில் இருந்து அங்கே வாசிப்பு ரீச்சர் இருக்கிறார். உடைந்த கதிரைகள் இருந்த அறையில் இப்போது புத்தகங்கள். அதில் பாதி திருமதி பிரிங்க்மானின் சங்கம் கொடுத்தவை. அவரே முற்றத்தில் நின்று பிள்ளைகளுக்குப் பாண் கொடுத்துக்கொண்டிருந்தார்.

எலேனா மைக்குக்கு முன் வந்து, குளிரில் நின்ற பிச்சைக்காரனுக்குத் தன் போர்வையைப் பாதி வெட்டிக் கொடுத்த மார்ட்டினின் கதையை வாசித்தாள். மெதுவாக, விரலை வைத்து வைத்து. ஒரு சொல்லில் நின்றுவிட்டாள். முற்றம் முழுக்கக் காத்து நின்றது. யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. அவளே கூட்டிச் சொன்னாள். பாடமாக்கினால் இப்படித் தடக்குப்படாது. அந்தத் தடக்குத்தான் வாசிப்பு என்று எனக்குப் பட்டது.

துஷானியைத் தேடினேன். சூப் கிடாரத்துக்குப் பின்னால் நின்று கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள், முன்னுக்கு வரவே இல்லை.

எலேனாவுக்குக் கை தட்டினார்கள். ஆதிரையும் தட்டினாள். வீட்டுக்குப் போகும் வழியில், "எனக்கு இன்னும் வயலின் விருப்பம்தான்" என்றாள்.

"தெரியும் பிள்ளை" என்றாள் துஷானி. "நானும் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறன்."

22 நவம்பர் 2025, சனி

காலையில் ஆதிரையோடு பேக்கரிக்குப் போனேன். வரிசையில் எங்களுக்குப் பின்னால் நின்ற ஒரு தாய் என்னை அடையாளம் கண்டுகொண்டார். அவருடைய பிள்ளை ஆதிரையின் பள்ளியில் இந்த வருடம் மூன்றாம் வகுப்புக்கு வந்திருக்கிறதாம், வயலின் இல்லாத மூன்றாம் வகுப்பு. "அந்த வகுப்பை நிறுத்த வைத்தது உங்கள் மனைவிதானே?" என்று கேட்டார். குரலில் இனிப்பு இல்லை.

நான் வாயைத் திறப்பதற்குள் ஆதிரை திரும்பினாள்.

"ஆம்" என்றாள் ஜெர்மனில். "அது என் அம்மா."

பிறகு கண்ணாடிக்குள் கையைக் காட்டி, எள்ளுப் போட்ட பாண் மூன்று தரச் சொன்னாள்.