வில்ஃப் சொன்ன "முடியாது"

அக்டோபர் 9, திங்கள்
கீத்லி ஊர் முழுக்க மழை. சந்தைக் கடையில் கால்மிதி மட்டும்தான் விற்றது. மதியம் கடையைச் சாத்திவிட்டு, வாடகைக்கு விட்டிருக்கும் ஆலைத் தெரு வீட்டுக்குப் போனேன். அது எவ்வளவு குளிர் தாங்கும் என்று அளந்து சான்று கொடுக்க மோரீன் என்ற பெண் வந்திருந்தாள். கல் சுவரைத் தட்டினாள், மாடியை எட்டிப் பார்த்தாள், உதட்டைப் பிதுக்கினாள். கடைசிக்கு முந்திய தரம். இன்னும் ஒரு படி ஏறினால்தான் வாடகைக்கு விடலாமாம். ஏற வேண்டுமென்றால் உள்சுவர் முழுக்கக் குளிர்தடுப்புப் பலகை அடிக்க வேண்டும். செலவைக் கேட்டேன். கம்பளத் துண்டு விற்கிறவளிடம் சொல்லும் தொகையா அது?

அக்டோபர் 10
அங்கே குடியிருப்பவன் வில்ஃப். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன். பலகை அடிக்க அவன் சம்மதம் வேண்டும் என்று கேட்கப் போனேன். முன்னறையில் ஸ்னூக்கர் மேசை. அதைச் சுற்றி அவன் தொப்பை போக மட்டும் வழி.

"பலகை அடிச்சா அறை குறுகிடும். கோலை எங்க நீட்டுவேன், சன்னலுக்கு வெளியவா? முடியாது தெல்மா."

ஆத்திரத்தோடு மோரீனுக்குப் போன் போட்டேன். அவள் சிரித்தாள். "குடியிருக்கிறவர் மறுத்தா உங்களுக்கு விலக்கு உண்டுங்க. எழுதி வாங்கிப் பதிஞ்சிடுங்க. அதிகம் போனா அஞ்சு வருஷம். அதுக்குள்ள அவர் காலி பண்ணிட்டா விலக்கும் போயிடும்."

அடடா. என் வில்ஃப்! என் தங்கம்!

அக்டோபர் 12
எழுதி வாங்கினேன். பதிந்தாயிற்று.

நவம்பர் 3
வாடகை வாங்கப் போனால் நாற்காலியில் சாய்ந்துகொண்டு கேட்கிறான்: "என்ன முதலாளியம்மா, என் 'முடியாது'க்கு நல்ல விலை இருக்காமே?"

"யார் சொன்னது?"

"மோரீன்தான். ஸ்னூக்கர் ஆட வந்தப்போ சொல்லிச்சு. நான் கிளம்பிட்டா நீ தொலைஞ்சியாமே?"

வெள்ளிக்கிழமைதோறும் பன்றிக்கறியை மாவுக்குள் வைத்துச் சுட்ட பை வேண்டுமாம். மேலோடு மொறுமொறுவென்று இருக்க வேண்டுமாம். அளக்க வந்தவளுக்கு அங்கே ஆட்டம் என்ன வேண்டியிருக்கிறது என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. பை கவலையில் இருந்தேன்.

டிசம்பர் 1
பை கொண்டுபோனேன். "உப்பு கம்மி" என்றான்.

டிசம்பர் 15
விற்க வைத்திருந்த நல்ல கம்பளம் இப்போது அவன் மேசைக்கு அடியில். வீட்டு முதலாளி அவனா, நானா? அவன் வேறு இருமுகிறான். கிழவன் மண்டையைப் போட்டால்? இருமல் மருந்தும் என் செலவில்தான் போகிறது. குளிரில் இருமுகிறான் என்பது தெரியாமலில்லை. தெரிந்து என்ன செய்ய? முடியாது என்று சொன்னது அவன்தானே!

ஜனவரி 22
போகிறானாம். மோரீனோடு. அவளுடைய ஃபிளாட்டுக்கு.

"அப்போ மேசை?"

"வித்துட்டேன்."

"அறை ஒரு அங்குலம்கூடக் குறையக்கூடாதுன்னியேடா!"

"அது அப்போ. அவ வீட்ல சட்டையக் கழட்டிட்டு உக்காரலாம் தெல்மா. அப்படி ஒரு கதகதப்பு."

காதுவரை சிவந்துவிட்டான், அறுபத்தெட்டு வயசில். பை சுட்ட கையால் ஒன்று வைக்கலாமா என்றிருந்தது. விலக்கு போச்சு. பலகை அடிக்காமல் இனி ஒருத்தருக்கும் விட முடியாது.

பிப்ரவரி 13
பலகை அடிக்கிறார்கள். என் வயிறு எரிகிறது, வீடு சூடாகிறது.

மார்ச் 5
வேறொரு ஆளை வைத்து அளந்தேன். மோரீனை வாசல்படி ஏற விடுவேனா? இரண்டு படி ஏறியிருக்கிறது. உள்ளே நின்று பார்த்தேன். கோட்டைக் கழற்ற வேண்டியதாயிற்று. கல் வீடு இப்படி இருக்குமென்று யார் கண்டது?

மார்ச் 19
இரண்டு பேரும் கடைக்கு வந்தார்கள். வில்ஃப் கால்மிதிகளைப் புரட்டிக்கொண்டு என் முகத்தையே பார்க்கவில்லை. மோரீன்தான் பேசினாள்.

"என் ஃபிளாட்ல ரெண்டு பேரும் ஒண்ணா எழுந்தா முட்டிக்குது. ஆலைத் தெரு வீடு காலியாத்தானே இருக்கு?"

"அது ஆகாத வீடுன்னு எழுதிக் கொடுத்தது யாரும்மா?"

"இப்போதான் நல்லா ஆயிடுச்சே!"

பழைய வாடகையோடு அதில் பாதியைக் கூட்டிச் சொன்னேன், பேரத்துக்கு இடம் விட்டு. "சரி" என்று மோரீன் கையை நீட்டினாள். வில்ஃப்கூட உடனே தலையாட்டினான்.

குறைத்துச் சொல்லிவிட்டேன்.