சத்தம் குறைவான ஞாயிற்றுக்கிழமைகள்

ஏப்ரல் 5, ஞாயிறு

இந்தக் கம்ப்யூட்டரைத் தூக்கிச் சன்னல் வழியாக வீசிவிடலாம் போல இருக்கிறது. வாரத்தில் ஒரே ஒரு சாயங்காலம் ஊரிலிருந்து வீடியோவில் கூப்பிடுகிறார்கள். அதிலும் சத்தம் வரமாட்டேன் என்கிறது. அத்தா, அம்மா, கெங்கெஷ் அண்ணன், புருல் அண்ணி – நாலு பேரும் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள், உதடு அசைகிறது, சத்தம் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி. ஒலியை நூறுக்கு ஏற்றிவிட்டுக் காதைத் திரையில் ஒட்டிவைத்தேன். அம்மா பேசியது அரையும் குறையுமாகக் கேட்டது. அத்தா பேசியது ஒரு வார்த்தைகூட இல்லை.

அத்தா பேசி எனக்குக் கேட்கவில்லை! யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள். எங்கள் ஊர் அத்பாஷிப் பக்கம் எந்தக் குதிரை ஆட்டம் நடந்தாலும் அறிவிப்புச் சொல்ல அவரைத்தான் கூப்பிடுவார்கள், மைக்கே கொடுக்கமாட்டார்கள். பந்துக்குப் பதிலாக வைத்திருக்கிற ஆட்டுடலைக் குதிரைமேலிருந்து எவன் பிடுங்கினான், எவன் கொண்டுபோய் வட்டத்தில் போட்டான் என்று அவர் கத்தினால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் மேய்கிற குதிரை தலையைத் தூக்கும்.

"உன் கம்ப்யூட்டர் கிழடாயிடுச்சு ஜிபெக், தூக்கிப் போடு" என்றான் அண்ணன். இவன் வாங்கித் தருவானாமா?

ஏப்ரல் 7, செவ்வாய்

கண்டுபிடித்துவிட்டேன். ஸ்பீக்கர் துளைகள் அடிப்பக்கம் இருக்கின்றன. மேசை நாற்காலி எனக்குப் பழக்கமில்லை. தரையில் பஞ்சு விரிப்பைப் போட்டு அதன்மேல் கம்ப்யூட்டரை வைத்துத்தான் எல்லாம் செய்கிறேன். இத்தனை நாளும் பஞ்சுதான் பாட்டு கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. ரொட்டி வெட்டுகிற பலகையை அடியில் வைத்தேன். பாட்டு கணீரென்று வந்தது. பல் தேய்க்கிற பிரஷால் துளைகளையும் தட்டிவிட்டேன், ஒரு பிடி ரொட்டித் தூள்.

எவ்வளவு பெரிய முட்டாள் நான். ஞாயிற்றுக்கிழமை அத்தாவிடம் சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பார்.

ஏப்ரல் 12, ஞாயிறு

சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலும் எனக்குக் கேட்டிருக்காது. பழையபடி அதே முணுமுணுப்பு!

பலகை இருக்கிறது. ஒலி நூறில் இருக்கிறது. ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனியாக ஒலி ஏற்றுகிற இடம் ஒன்று இருக்கிறதாம், அதையும் தேடிப்பிடித்து உச்சத்தில் வைத்தேன். அழைப்பு முடிந்து பாட்டுப் போட்டால் சுவர் அதிர்கிறது, வீட்டுக்கார ரவ்ஷான் அம்மா கதவைத் தட்டுகிறார். பாட்டுக்கு மட்டும் தொண்டை இருக்கிறது, என் வீட்டுக்காரர்களுக்கு இல்லையா? இது என்ன அநியாயம்?

ஏப்ரல் 14, செவ்வாய்

கல்லூரி முடிந்து நேராகச் சந்தைக்குப் போனேன். நிலவறையில் ஓரல்பெக் என்று ஒரு ஆள், கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவன். ஒலிக்கான மென்பொருளை அழித்துப் புதிதாக ஏற்றினான். அழைப்பு வந்தால் மற்ற சத்தங்களைத் தானாகக் குறைக்கிற ஒரு அமைப்பு இருந்ததாம், அதை அணைத்தான். மெல்லிய சத்தத்தைத் தூக்கிக் கொடுக்கிற இன்னொன்றை முடுக்கினான். பிறகு பாட்டுப் போட்டுக் காட்டினான், பக்கத்துக் கடைக்காரன் திட்டினான்.

"கம்ப்யூட்டர்ல ஒரு கோளாறும் இல்ல தங்கச்சி. ஒருவேளை உங்க வீட்டு ஆளுங்க மெதுவாப் பேசுறவங்களா இருக்கும்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "எங்க வீட்டு ஆளுங்களா? மெதுவாவா? எங்க வீட்டுல உப்பு கேக்குறதே பக்கத்து மலைக்குக் கேக்கும்யா!"

அவன் சிரித்துக்கொண்டே சமோசா தின்னப் போய்விட்டான். திறமை இல்லாதவன்தான் அடுத்தவன் வீட்டைக் குறை சொல்வான்.

ஏப்ரல் 19, ஞாயிறு

அதேதான். அதே எழவுதான்.

நான் ஒன்று கேட்டால் அத்தாவுக்குப் பதில் அம்மா பேசுகிறாள். அத்தா தலையாட்டுகிறார், கையை ஆட்டுகிறார். கழுத்தில் கம்பளித் துண்டு. "என்னத்தா, ஏப்ரல்ல போய்?" என்று கத்தினேன். குளிராம். என்னோடு மல்லுக்கு நிற்காமல் அவர் ஓர் அழைப்பையாவது முடித்திருக்கிறாரா? அரசியல், ஆட்டு விலை, நான் இன்னும் கட்டிக்கொள்ளாதது – எதையாவது எடுத்துப் போட்டு வம்புக்கு இழுப்பார், குரலை உயர்த்தியே ஜெயிப்பார். இன்றைக்கு என்னைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அதுவும் எனக்குக் கோபமாக இருந்தது.

சொந்தக் குடும்பத்தோடு ஊமை நாடகம் போடுவதற்கா எல்லை தாண்டி இந்த அல்மாட்டிக்குப் படிக்க வந்தேன்?

ஏப்ரல் 26, ஞாயிறு

புத்தி வந்தது. கோளாறு என் பக்கம் இல்லவே இல்லை. இன்றைக்கு என்னுடைய உடைந்த ஃபோனிலும் கேட்டுப் பார்த்தேன், அதே முனகல். அப்படியானால் அண்ணனுடைய ஃபோனில் மைக் அடைத்துக்கொண்டிருக்கிறது. மாட்டுக் கொட்டகைக்கெல்லாம் எடுத்துக்கொண்டு போகிறானே, அடைக்காமல் என்ன செய்யும்?

"ஊசியால குத்திச் சுத்தம் பண்ணிட்டேன்" என்கிறான்.

"எந்த ஓட்டையில குத்தினே?"

"இருக்கிற எல்லா ஓட்டையிலயும்."

இவனை என்ன செய்வது! நாளைக்கே மைக் வைத்த ஹெட்ஃபோன் ஒன்று வாங்கி, எங்கள் ஊர்ப்பக்கம் நாரினுக்குப் போகிற டாக்சிக்காரனிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

மே 3, ஞாயிறு

ஹெட்ஃபோன் போய்ச் சேர்ந்துவிட்டது. அத்தா தன்னுடைய வெள்ளைக் கம்பளித் தொப்பியைக் கழற்றாமல், அதற்கு மேலே ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு விமானம் ஓட்டுகிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். மைக் உதட்டுக்கு நேராக இருந்தது. நான் பார்த்துச் சொல்லிச் சொல்லி அண்ணிதான் சரிசெய்தாள்.

அவர் உதடு அசைந்தது. காற்று. வெறும் காற்று.

கத்திவிட்டேன். "மே இருபதுல எனக்குக் கடைசி வருஷப் பரீட்சை ஆரம்பம், ஒருத்தருக்காவது அக்கறை இருக்கா? ஒரு வருஷம் வீணாப்போய் மறுபடி எழுதுறேன், ஒரு நல்ல வார்த்தை காதுல விழ வேண்டாமா? ஒரு ஃபோனைச் சரிபண்ணத் துப்பில்ல!" அத்தா ஏதோ சொல்ல வாயெடுத்தார். சொன்னாலும் கேட்கப்போவதில்லை என்று அழைப்பை வெட்டிவிட்டேன்.

நல்லா வேணும் அவங்களுக்கு.

மே 10, ஞாயிறு

கூப்பிட்டார்கள். எடுக்கவில்லை.

மே 16, சனி

நாளைக்கு எடுத்துத்தான் ஆகவேண்டும். அத்தா ஆசி சொல்லாமல் எங்கள் வீட்டில் யாரும் பெரிய காரியத்தில் இறங்கியதில்லை. அண்ணன் பட்டாளத்துக்குப் போனபோது உள்ளங்கைகளை விரித்து அவர் சொன்னதைத் தெருவே நின்று கேட்டது. எனக்கு மட்டும் முணுமுணுப்பா? முடியாது. ரவ்ஷான் அம்மாவின் மகன் கல்யாணங்களுக்குப் பாட்டுப் போடுகிறவன். அவனுடைய ஆளுயர ஸ்பீக்கரை இரவல் கேட்டிருக்கிறேன். எறும்பு பேசினாலும் கேட்குமாம்.

மே 17, ஞாயிறு

எழுதித்தான் ஆகவேண்டும்.

ஸ்பீக்கரை மாட்டி உச்சத்தில் வைத்தேன். கூப்பிட்டார்கள். அம்மா பேசினாள் – தெளிவாகக் கேட்டது, ஆனால் என்ன மாதிரி கேட்டது? அது சாதாரணப் பேச்சு இல்லை, யாரோ தூங்குகிற அறையில் பேசுகிற மாதிரி. அண்ணனும் அப்படித்தான், அண்ணியும் அப்படித்தான். பின்னால் கோழி கொக்கரிப்பது மட்டும் காதைப் பிளந்தது. கோழிக்கு மட்டும் மைக் எப்படி வேலை செய்கிறது? அதை நான் யோசித்து முடிப்பதற்குள் அவர்கள் வீட்டுக் கதவு திறந்தது. பக்கத்து வீட்டு துர்துகான் அக்கா, கையில் தயிர்ச் சட்டியோடு.

"என்ன எல்லாரும் சாவு வீடு மாதிரி குசுகுசுன்னு?" அவள் குரல் ஆளுயர ஸ்பீக்கரில் குண்டு மாதிரி வந்து விழுந்தது. இங்கே மேல் வீட்டுக்காரர்கள் தரையில் தட்டினார்கள். "தொண்டையில கத்தி வச்ச மனுஷன் மெதுவாப் பேசுறாரு, சரி. உங்களுக்கெல்லாம் என்ன கேடு? தொண்டை ஒட்டுவாரொட்டியா?"

அண்ணி அவள் கையைப் பிடித்து இழுத்தாள். அக்கா திரையில் என்னைப் பார்த்தாள். "அய்யய்யோ, ஜிபெக்கா" என்று சட்டியோடு திரும்பி ஓடினாள்.

அத்தா மெள்ளக் கழுத்துத் துண்டை அவிழ்த்தார். குறுக்கே ஒரு சிவப்புக் கோடு. நான் கால்நடை மருத்துவம் படிக்கிறவள், தையல் போட்டது எனக்குத் தெரியாதா? ஆறேழு வாரமாவது ஆகியிருக்கும்.

அதே நாள், பிறகு

அண்ணன் தனியாகக் கூப்பிட்டான். கொட்டகையிலிருந்து. இந்தத் தடவை முழுக் குரலில்.

தொண்டையில் கட்டி. மார்ச்சில் பிஷ்கேக்கில் எடுத்துவிட்டார்கள். உயிருக்குப் பயமில்லை என்கிறார்களாம். குரல் இனி வராது. காற்றுதான் வரும்.

"ஏன்டா சொல்லல?"

"தூரத்துல தனியா இருக்கிறவகிட்ட யாரு சொல்லுவா? நம்ம வழக்கம் தெரியாதா? நீ பரீட்சை முடிச்சு வந்ததும், டீ கொடுத்து, சாப்பிட வச்சு, பெரியவங்க யாரையாவது விட்டுப் பக்குவமாச் சொல்லலாம்னு இருந்தோம். அம்மா இடுப்பு ஒடிஞ்சு கிடந்தப்ப நீ படிப்பைப் போட்டுட்டு ஓடி வந்து ஒரு வருஷம் போச்சுல்ல. அத்தாதான் சத்தியம் வாங்கினாரு."

"அதுக்கு நீங்கெல்லாம் எதுக்குடா வாயை மூடினீங்க?"

"அம்மா யோசனை. அத்தா மட்டும் மெதுவாப் பேசினா நீ கண்டுபிடிச்சிடுவ. எல்லாரும் மெதுவாப் பேசினா பழி கம்ப்யூட்டர் மேல போயிடும்னா."

போயிற்று. நன்றாகவே போயிற்று. துளை துளையாகப் பிரஷ் போட்டேன். ஓரல்பெக்கைத் திட்டினேன். டாக்சியில் ஹெட்ஃபோன் அனுப்பினேன். அதை அவர் தொப்பிக்கு மேலே மாட்டிக்கொண்டு, வராத குரலை மைக்கில் ஊதினார், நான் மூஞ்சியில் அடித்த மாதிரி வெட்டிவிட்டேன். என்னை வைத்து நாலு பேரும் நாடகம் ஆடியிருக்கிறார்கள்! நான் என்ன பச்சைப் பிள்ளையா? என் அத்தாவின் கழுத்தை டாக்டர்கள் அறுத்தது துர்துகான் அக்காவுக்குத் தெரியும், அவள் மாட்டுக்குக்கூடத் தெரியும், எனக்குத் தெரியக்கூடாது!

பையைக் கட்டிவிட்டேன். காலையில் முதல் டாக்சி.

மே 18, திங்கள்

போகவில்லை. விடிந்ததும் அத்தாவே கூப்பிட்டார், அவர் மட்டும். சட்டைப் பொத்தானைக் கழுத்து வரைக்கும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தப் பெரிய ஸ்பீக்கரில் காதை வைத்தேன். ரவ்ஷான் அம்மா வீட்டுக் குழாய் சொட்டுவதைக்கூட நிறுத்தச் சொன்னேன்.

"வந்தா வாசல்ல விடமாட்டேன்" என்றார்.

அதுதான் முதல் வாக்கியம். இரண்டு மாதத்தில் எனக்குக் கேட்ட முதல் வாக்கியம்.

நான் கத்தினேன், அழுதேன், பொய்யர்கள் என்றேன். அவர் நான் முடிக்கும் வரை இருந்தார். பிறகு உள்ளங்கைகளை விரித்தார். "உன் வழி வெளிச்சமா இருக்கட்டும். உன் கை பட்ட உயிர் பிழைக்கட்டும். வாயில்லாத ஜீவன் படுற வலி உனக்குப் புரியட்டும்." ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் மூச்சு வாங்கினார். நானும் கைகளை முகத்தில் தடவி ஆமீன் சொன்னேன்.

கோபம் போகவில்லை. பையைப் பிரித்துவிட்டேன்.

மே 20, புதன்

எழுதினேன். முதல் தாள் சுமார்.

மே 27, புதன்

குர்பான் பெருநாள். எனக்கு அடுத்த தாளுக்குப் புத்தகம். வீட்டிலிருந்து கூப்பிட்டார்கள், மூன்று பேர் போட்டி போட்டுக் கத்துகிறார்கள், இரண்டு மாதம் அடக்கி வைத்ததெல்லாம் சேர்த்து. ஒலியை முப்பதுக்குக் குறைத்தேன். பிறகு அத்தா முறை வந்தது, மறுபடி நூறு.

ஜூன் 5, வெள்ளி

தேறிவிட்டேன். ஸ்பீக்கரைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. நாளைக்கு ஊருக்கு. போய் ஒவ்வொருத்தரையும் என்ன கேட்கவேண்டும் என்று மனசுக்குள் அடுக்கி வைத்திருக்கிறேன், ஒருத்தரையும் விடப்போவதில்லை.

ஜூன் 7, ஞாயிறு. வீடு

நேற்று அம்மாவைக் கேட்டேன். அண்ணனைக் கேட்டேன். அண்ணி அழுதாள், அவளை மட்டும் விட்டுவிட்டேன். இன்று காலை அத்தாவின் முறை. முற்றத்தில் நிற்கவைத்துக் கேட்டேன். உங்க பொண்ணு நான், எனக்கில்லாத உரிமை தயிர்ச் சட்டிக்காரிக்கா, நான் அங்க ஒரு கம்ப்யூட்டரோட சண்டை போட்டுக்கிட்டிருந்தேனே, ஒருத்தருக்கும் பாவமா இல்லையா – எல்லாம் கேட்டேன். என் சத்தம்தான் முற்றத்தில் முட்டி முட்டித் திரும்பி வந்தது. பிறந்ததிலிருந்து அவரோடு போட்ட சண்டைகளில் நான் ஜெயித்த முதல் சண்டை இது. எனக்கு அது வேண்டாம். சத்தியமாக வேண்டாம்.

அவர் உதடு அசைந்தது. கேட்கவில்லை. வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் போனேன்.

"சாம்பல் குதிரை நொண்டுது. அதைப் பாத்துட்டு வந்து மிச்சத்தைத் திட்டு, டாக்டரம்மா."

போய்ப் பார்த்தேன். முன்னங்காலில் குளம்புக்கடியில் சீழ். அத்தா கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டார், நான் காலைத் தூக்கி மடியில் வைத்துச் சுரண்ட ஆரம்பித்தேன். குதிரை வலியில் திமிறியது. நான் குனிந்தபடியே, பழக்கத்தில், "நிக்கச் சொல்லுங்கத்தா" என்றேன்.

சொல்லிவிட்டுத்தான் தெரிந்தது. தலை நிமிர்ந்தேன். அவர் குதிரையின் காதுக்கருகில் வாயைக் கொண்டுபோய்ச் சொல்லிக்கொண்டிருந்தார். அது காதை ஆட்டியது, நிற்கவில்லை. அவர் என்னைப் பார்த்தார்.

"நில்லுடா!" என்று நானே கத்தினேன்.

நின்றது.