கொய்யா மரத்துக்கு அந்தப் பக்கம்

எத்தனை முறை சோப்புப் போட்டுக் கழுவினாலும் இந்த வாடை கையை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. இன்று காலையில் உண்ணிச்செடி வெட்டினேன். அந்தக் காரமான பச்சை வாடையோடுதான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். கடைசி வருடங்களில் உங்கள் சட்டையில் எப்போதும் இருந்த வாடை இது. துவைத்துத் துவைத்து அலுத்துப்போய் உங்களை நான் பேசாத பேச்சில்லை. இப்போது அது என் கையில் இருக்கிறது. திட்டு வாங்கத்தான் நீங்கள் இல்லை.

எஸ்டேட்டில் ஆட்களை வேலை வாங்கும் ரைட்டராக இருந்த காலம் முழுக்க, காப்பிச் செடிக்கு அடியில் ஒரு புல் நின்றாலும் உங்களுக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்ட மனுஷன் வேலையிலிருந்து ஓய்வு பெற்று வந்ததும், நம் வீட்டுக்குப் பின்னால் என் அப்பா விட்டுப்போன மஞ்சக்குட்டைக் காப்பிக் காட்டில் செடியும் புதருமாக வளர்க்க ஆரம்பித்தீர்கள். ஊரே சிரித்தது. உங்களிடம் களை வெட்டிய பழனியம்மா வேலியோரம் நின்று நேராகவே கேட்டுவிட்டாள்: “ஏனுங்க ரைட்டரய்யா, ஒரு புல்லுக்கு எங்கள அந்தப் பாடு படுத்துனீங்க, இப்ப நீங்களே பொதர் வளக்கறீங்களா?”

நீங்கள் சிரித்து மழுப்பிவிட்டீர்கள். எனக்குத் தெரியும், உங்கள் மனதில் இருந்தது ஒரு சேவல். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது விடியற்காலையில் அந்தக் காட்டில் காட்டுச்சேவல் கூவும். பிறகு கவனிக்க ஆளில்லாமல் காப்பிச் செடிகள் செத்துப்போயின. சில்வர் ஓக் மரங்கள் மேலே நெருக்கியடித்துக் கீழே வெயிலே விழாமல் செய்துவிட்டன. நடுவில் வெறும் மண், ஓரமெல்லாம் ஆள் நுழைய முடியாத உண்ணிப் புதர். சேவல் எப்போது நின்றுபோனது என்று எங்கள் வீட்டில் யாருக்கும் நினைவில்லை. “அது ஒருக்கா கூவறத நம்ம ஊட்டுல இருந்தே கேக்கோணும் புள்ள” என்றீர்கள். வேறு எதற்கும் நீங்கள் அவ்வளவு ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை.

கிளைகளைக் கழித்து வெளிச்சத்தைக் கீழே இறக்கினீர்கள். உண்ணியை ஒரு திட்டு வெட்டினால் பக்கத்துத் திட்டை அப்படியே விட்டீர்கள். “ஒரேயடியா வெட்டிப்போட்டா கோழி எங்க போய் ஒளியும்? கொஞ்சம் வெட்டோணும், கொஞ்சம் உடோணும்.” வெட்டிய இடத்தில் குறிஞ்சியும் பெரணியும் நட்டீர்கள். கழித்த கிளைகளை எரிக்க விடாமல் அங்கங்கே குவித்தீர்கள். சருகைக் கூட்டக் கூடாது, கோழிக்கு வேண்டிய புழுவும் கரையானும் அதற்கடியில்தான் என்றீர்கள். பாம்பு வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். “கோழி சத்தம் போட்டுச் சொல்லும், நீ பயப்படாத” என்றீர்கள். வராத கோழி எப்படிச் சொல்லும் என்று கேட்டேன். கடைசியில் கொய்யா மரத்தை எல்லையாக வைத்துக்கொண்டோம். இந்தப் பக்கம் என் விளக்குமாறு, அந்தப் பக்கம் உங்கள் சருகு.

ஒரு மார்கழியில் பெட்டைக்கோழி ஒன்று குறிஞ்சிக்குள் நுழைந்ததைப் பார்த்துவிட்டு, சர்ச்சில் பூசைக்குப் போகும் அவசரத்திலும் என்னைக் கையைப் பிடித்து இழுத்துப் போய்க் காட்டினீர்கள். அன்றிலிருந்து விடிந்ததும் காப்பித் தம்ளரோடு பின்படியில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருப்பீர்கள். சேவல் கூவவில்லை. அடுத்த தையில் நெஞ்சு வலி என்று உங்களைச் சேலத்துக்குக் கூட்டிப் போனோம். ஆம்புலன்ஸில்தான் திருப்பிக் கொண்டுவந்தோம்.

நாற்பதாம் நாள் பூசைக்கு முன்பு அடிவாரத்தில் மகள் வீட்டில் இருந்துவிட்டு பஸ்ஸில் வந்து இறங்கினேன். காட்டில் பாதியைக் காணோம். பழனியம்மாவும் உங்களிடம் வேலை பார்த்த மற்றவர்களும் யாரும் கூப்பிடாமல் கத்தியோடு வந்து வெட்டிக்கொண்டிருந்தார்கள். “ஐயா காடு இப்படிக் கெடக்கறதப் பாத்து மனசு கேக்கலீங்கம்மா. நாப்பதுக்குச் சனம் வாரதுக்குள்ள சுத்தம் பண்ணிப்போடலாம்னு வந்தமுங்க” என்றாள், வேர்வையைத் துடைத்தபடி. வெட்டிய இடத்தில் ஒரு குச்சிகூட மிச்சமில்லை. அவ்வளவு சுத்தமாக வெட்டுவதற்கு அவர்களைப் பழக்கியதே நீங்கள்தான். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன எனக்கு.

அப்போதுதான் வெட்டவெளியில் ஒரு சின்னக் குழியைப் பார்த்தேன். சருகு மெத்தைமேல் வெளிர் நிற முட்டைகள். தாய்க்கோழி ஓடிப்போயிருந்தது. அன்போடு வந்தவர்களை எப்படிக் கடிந்துகொள்வது? “இது அவரு கோழிக்குன்னு வளத்த காடு பழனியம்மா. வெட்டுனத எல்லாம் திருப்பிப் போடுங்க” என்று மட்டும் சொன்னேன். பழனியம்மா வாயைப் பொத்திக்கொண்டு, “தெரியாமப் பண்ணிட்டமுங்களே” என்றாள். ஒவ்வொருவராக ஒரு கை கிளையை அள்ளிவந்து அந்தக் குழியைச் சுற்றிப் போட்டார்கள். கல்லறையில் உங்கள்மேல் மண் போட்டதும் இப்படித்தான், இதே ஆட்கள்தான்.

கோழி திரும்பவில்லை. முட்டைகள் கெட்டுப்போயின. உங்களை அடக்கம் செய்த அன்றைவிட அன்றுதான் நான் அதிகம் அழுதேன். உங்கள் ஆசையையும் சேர்த்துப் புதைத்தாயிற்று என்று நினைத்தேன்.

ஆனால் காட்டை விட மனசு வரவில்லை. மழை வந்து தளிர்த்ததும் நீங்கள் செய்தபடியே ஒரு திட்டு வெட்டி ஒரு திட்டு விட்டேன். இப்போது பழனியம்மாவும் கூட வருகிறாள். கத்தியை ஓங்கிவிட்டு நிறுத்தி, “இது வெட்டறதுங்களா, உடறதுங்களா?” என்று கேட்கிறாள்.

இன்று விடியற்காலையில் பின்வாசல் கூட்டிக்கொண்டே கொய்யா மரம் வரைக்கும் வந்திருந்தேன். அன்று அவர்கள் திருப்பிப் போட்ட அந்தக் குவியலின் பக்கமிருந்து சேவல் கூவியது. தொண்டை கட்டியவன் கத்துவதுபோல் விட்டு விட்டு, என் சின்ன வயதில் கேட்ட அதே கூவல். அங்கே போய்க் கலைத்துவிடக் கூடாது என்றுதான் பிறகு ரோட்டோரத் திட்டை வெட்டப் போனேன். ஆனால் அந்த நிமிஷத்தில், நினைப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது. பின்படியைத் திரும்பிப் பார்த்து, “ஏனுங்க, கூவுது, கேக்குதுங்களா?” என்றேன்.

படி காலியாக இருந்தது. சேவல் மறுபடியும் கூவியது. விளக்குமாற்றைக் கீழே வைத்துவிட்டு, போய் உங்கள் இடத்தில் உட்கார்ந்து, அது ஓயும்வரைக்கும் உங்களுக்கும் சேர்த்து நானே கேட்டேன்.