கரண்டு வந்த நேரம்

ஆவணி, வியாழக்கிழமை

கம்பத்தில் பஷீர் அண்ணன் திராட்சைத் தோட்டத்தில் இன்று காலையில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். மண்ணின் ஈரம் பார்த்து மோட்டாரைப் போடச் சொல்லும் என் ரேடியோ பெட்டி, அடுத்தடுத்த மூன்று தோட்டத்திலும் மூன்று நாளாக வேலை செய்யவில்லை.

“கழட்டிட்டுப் போயிரும்மா. உன்னையச் சொல்லிவிட்டதுக்கு பக்கத்துத் தோட்டக்காரக என்னைய ஏசுறாக.”

ஒன்றையொன்று தடுக்கக் கூடாது என்றுதான் பெட்டிகளை அலைவரிசை விட்டு அலைவரிசை தாவ வைத்தேன். தாவும் வரிசை எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். அந்த வரிசையில் பெட்டிக்கொரு இடத்தில் இருந்தால் அலைகள் மோதாது. ஆய்வகத்தில் ஒருமுறைகூட மோதவில்லை.

யோசித்துக்கொண்டு நின்றபோது, தோட்டங்களுக்கு நேரம் வைத்து விடும் மும்முனைக் கரண்டு வந்தது. “இனி எல்லாக் கெணத்துலயும் ஒண்ணாத்தான் மோட்டாரு ஓடும்” என்றார் அண்ணன்.

அப்போதுதான் உறைத்தது. ஆய்வகத்தில் பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கையால் போடுவேன். இங்கே கரண்டு மூன்றையும் ஒரே நொடியில் எழுப்பிவிடுகிறது. மூன்றும் முதல் இடத்திலிருந்தே தொடங்கி, சேர்ந்தே தாவி, ஒவ்வொரு தாவலிலும் முட்டிக்கொள்கின்றன. இது கூடவா தெரியவில்லை எனக்கு.

தொடங்கும் இடத்தைப் பெட்டிக்கு ஒன்றாக மாற்றினேன். மூன்று மோட்டாரும் ஓடின. அண்ணன் ஒரு கூடை பன்னீர் திராட்சையை என் வண்டியில் வைத்தார்.

முப்பது தோட்டம் சேர்ந்தால் இந்த வரிசை தாங்குமா தெரியாது. வேறு வரிசைதான் வகுக்க வேண்டும். அது பிறகு.

இதை எழுதும்போதே கரண்டு போய்விட்டது. தோட்டத்தில் அது திரும்பும்போது பெட்டிகள் ஒன்றாகத்தான் எழும்; இனி முட்டாது. வரட்டும், எப்போது வேண்டுமானாலும்.